எரிந்த வாய்க்கு நான் பிடுங்கிய இரண்டு பல்

நல்ல பல் இரண்டைப் பிடுங்கியிருக்கிறேன். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை, எக்ஸ்ரேயில் ஒரு நிழல்கூட இல்லை. எதற்குப் பிடுங்கினாய் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கேட்டால் குழம்பிப்போய்ப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல முடியும்.

உத்திரமேரூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாகப் பல் கிளினிக் போட்டிருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் பஜார் தெருவில் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டேன். எனக்கு அழகாக எழுத வராது. வேர் சிகிச்சை எப்படிச் செய்வது, பல்செட் எப்படிக் கட்டுவது என்று சொல்லித் தரவும் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வருகிறது. உங்கள் மெஷின்களும் என்னுடையதைவிட நல்லவை. ஆனால் உங்களில் ஒருவர்கூட நோயாளியிடம் "எனக்குத் தெரியல" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் அதைச் சொல்லாமல்தான் முக்கால்வாசி வாழ்க்கையை ஓட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பச்சையம்மா மானாம்பதிக்காரர். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்கும் களை எடுக்கவும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். பதினைந்து பேரை வரப்பில் நின்றபடி குரலாலேயே வேலை வாங்குவார். கணவர் ஏழுமலைக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் நிலம். மொபெட்டின் பின்னால் மனைவியை உட்காரவைத்துக் கூட்டிவருவார். உள்ளே நான் வேலை செய்யும்போது வெளியே பெஞ்சில் இருக்கிறவர்களிடம் மனைவியைப் பற்றிக் கிண்டலாகப் பேசிக்கொண்டிருப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். உள்ளே நானும் சிரித்திருக்கிறேன்.

மேல்வரிசையில் ஆறு பல் போய்விட்டது என்று பச்சையம்மா வந்தார். ஞானப்பற்களும் கீழே நாலு பல்லும் எப்போதோ போயிருந்தன. கழற்றி மாட்டுகிற செட் ஒன்று கொடுத்தேன். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் பிங்க் நிற அக்ரிலிக் தட்டு, அதில் ஆறு பல். நன்றாகப் பொருந்தியது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் திரும்பி வந்தார்.

"வாய் எரியுது டாக்டரம்மா. பச்ச மொளகாய கடிச்சிக்கினு கீற மாரியே கீது. தண்ணி குடிச்சாலும் போவல."

அண்ணம் சிவந்திருந்தது, தட்டு உட்காரும் இடம் முழுக்க. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். தினம் சொத்தை, தினம் பிடுங்கல் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் புத்தகத்தில் படித்த ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அக்ரிலிக் அலர்ஜி. தட்டு சரியாக வேகாவிட்டால் அக்ரிலிக் பொடியோடு கலக்கிற திரவம் அதில் மீதி தங்கும், அது வாயை எரிக்கும். காஞ்சிபுரத்தில் எனக்குச் செட் செய்து தருகிற மெக்கானிக்கைப் போனில் பிடித்துச் சத்தம் போட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தினி வருசமா வேகவெச்சிக் குடுத்துக்கினு கீறேன், இன்னிக்குத்தான் வேவலியா உங்களுக்கு? அனுப்புங்க. அரிசி மாரி கொழைய வேகவெச்சித் தரேன்."

அதிக நேரம் கொதிக்க வைத்துப் புதுத் தட்டே செய்து அனுப்பினார். எரிச்சல் போகவில்லை. சரி, பத்து நாள் செட்டே போடாதீர்கள் என்றேன். பத்து நாள் கழித்து வந்தவரிடம் கேட்டேன்.

"கழட்டி டப்பால போட்டு மூடிட்டேன். டப்பா எரியலியாம். வாய்தான் எரியுது."

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். செட்டே இல்லாதபோதும் எரிகிறது என்றால் என் முதல் முடிவு தப்பு. தப்பு என்று ஒத்துக்கொண்டு உட்கார்ந்து யோசிக்க அரைமணி நேரம் போதும். ஆனால் வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எனக்கு உடனே வேறு ஒரு முடிவு வேண்டியிருந்தது. கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு யாரோ எப்போதோ உலோக கேப் போட்டிருந்தார்கள். கவரிங் கம்மல் போட்டால் காது எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"புண்ணாயிடும். அதனாலதான் போடறதில்ல."

கவரிங் கம்மலிலும் நிக்கல், அந்தக் காலத்து உலோக கேப்பிலும் நிக்கல். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேப்பை அறுத்து எடுத்தேன். அடியில் இருந்த பல் கெட்டியாக இருந்தது. தற்காலிகமாக வெள்ளைப் பேஸ்ட் வைத்து மூடி அனுப்பினேன். நான்காம் நாள் போன் வந்தது. முன்னைவிட அதிகமாக எரிகிறதாம்.

இதற்கு நடுவில் என்னைக் குழப்பிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணத்துச் சிவப்பு நிலையாக இல்லை. ஒருநாள் நன்றாகச் சிவந்திருக்கும். அடுத்த முறை வரும்போது பாதி வெளுத்திருக்கும். ஒருமுறை சுத்தமாக ஒன்றுமே இல்லை. ஆனால் சிவப்பு இருந்தாலும் எரிச்சல், இல்லாவிட்டாலும் எரிச்சல். இன்னொன்று, சாப்பிடும்போது எரிவதில்லை என்று அவரே சொன்னார். வாய் எரிகிறவருக்குக் காரக்குழம்பு சாப்பிடும்போது அல்லவா அதிகம் எரிய வேண்டும்? ஏழுமலை அதைப் பிடித்துக்கொண்டார். என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தே சொன்னார்.

"சோறு துன்னசொல்லோ எரியலியாம் டாக்டரம்மா. துன்னு முடிச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னா எரியுதாம். இது இன்னா சீக்குன்னு நீங்களே சொல்லுங்க."

நான் கேஸ் ஷீட்டில் "சாப்பிடும்போது எரிச்சல் இல்லை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த அம்மா பொய் சொல்கிறாரோ என்பதுதான் அர்த்தம். அன்றைக்கு அண்ணம் வெளுத்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, "வாயில ஒண்ணும் இல்லம்மா. பயப்படாதீங்க" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அந்த வார்த்தையை ஏழுமலை மானாம்பதி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெரிய டாக்டரே பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், இவள் வேலைக்குப் பயந்துகொண்டு நடிக்கிறாள் என்று. நடவுக்குப் போகிற பெண்கள் நேரிலேயே சிரித்தார்கள். பச்சையம்மா இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில் இன்னொருத்தி ஆள் சேர்த்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நாம் நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்கிற ஒரு வார்த்தை, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டீர்கள்.

அடுத்த முறை வந்தபோது பச்சையம்மா கேப் எடுத்த பல்லைப் பிடுங்கச் சொன்னார். அந்தப் பக்கம்தான் அதிகம் எரிகிறது என்றார். நான் எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றும் இல்லை. பிடுங்க வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். அவர் விடவில்லை. பிடுங்கினேன். பத்து நாளில் அதற்குப் பக்கத்துப் பல் என்றார். அதையும் பிடுங்கினேன். அந்தக் குழி ஆறாமல் வலித்தது. மருந்து திணித்தேன். உள்கன்னம் தோல் உரிந்து வெள்ளையும் சிவப்புமாக ஆனது. வாயைத் திறக்கவே அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "எல்லாத்தையும் புடுங்கிடு டாக்டரம்மா. ஒண்ணு பாக்கி வைக்காத."

பதினாறு பல் மிச்சம் இருந்தது. பதினாறும் நல்ல பல்.

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள், நான்கு நான்காக எடுத்துவிடலாம் என்றேன். தேதி கொடுத்தது அவருக்காக இல்லை, எனக்காக. இந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. பல்லே இல்லாமல் போய்விட்டால் என்னிடம் வர வேண்டிய வேலை இருக்காது.

தேதி கொடுத்துவிட்டேனே தவிர, சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் கல்லூரியில் எனக்கு வாய் நோய்கள் பாடம் எடுத்த அம்மையாருக்குப் போன் செய்தேன். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பெயரை எழுதினால் திட்டுவார், எழுதமாட்டேன். மாணவர்களை அழவைப்பதில் பேர்போனவர். என் அறுபது வயதிலும் அவர் குரலைக் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"உன் வாயில எத்தன பல்லு இருக்கு?"

"இருபத்தெட்டு மேடம்."

"அதுல ஏதாவது ஒண்ணு என்னைக்காவது எரிஞ்சிருக்கா?"

நாக்கால் என் பல்லைத் தடவிப் பார்த்தேன்.

"பல்லு வலிக்கும். கூசும். எரியாதுடி. எரியாததப் புடுங்கியிருக்க. இன்னும் பதினாறுக்கு நாள் குறிச்சிருக்க." அப்புறம், அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுப் போன பிறகு அதிகமாகிறதா, வராத நாட்களில் அதிகமாகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "போய் எழுது. அவங்க வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுது. நீ வைக்கறதையும் சேத்து எழுது."

கேஸ் ஷீட்டை எடுத்துவைத்துக்கொண்டு தேதி தேதியாகப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என்னிடம் வரும்போது கொஞ்சம் தெளிந்துதான் வந்திருக்கிறார். போய் நாலைந்து நாளில் முற்றிவிட்டது என்று போன் வருகிறது. என்னிடம்தான் ஏதோ வாங்கிப்போகிறார். என்ன அது? அக்ரிலிக், கேப், மரத்துப்போகும் ஊசி, வலி மாத்திரை, வாய் கொப்பளிக்கிற மருந்து என்று பட்டியல் போட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிற செல்வி, நோயாளிகளை உள்ளே அனுப்புவதும் கருவிகளைக் கழுவுவதும் அவர்தான், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"தைலம் எழுதல மேடம்."

"எந்தத் தைலம்?"

"நாம எல்லாருக்கும் குடுப்பமே, அதான்."

கிராம்புத் தைலம். என் கிளினிக்கில் அது ஒரு வழக்கம். ஆரம்பித்த நாளிலிருந்தே வழக்கம். யார் வந்தாலும் போகும்போது சுண்டுவிரல் அளவு பாட்டிலில் கிராம்புத் தைலம் கொடுத்து அனுப்புவோம், வழியில் வலித்தால் தொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று. அதற்காகவே என்னிடம் வருகிறவர்கள் உண்டு. இலவசமாகக் கொடுப்பது, மருந்து என்றே நாங்கள் நினைப்பதில்லை. அதனால் கேஸ் ஷீட்டில் எழுதுவதில்லை. பச்சையம்மாவுக்கு எத்தனை கொடுத்திருக்கிறாய் என்று செல்வியைக் கேட்டேன்.

"வரசொல்லோ எல்லாம் குடுத்திருக்கேன். அழுவறாங்களேன்னு சில நாளு ரெண்டு."

அப்புறம்தான் மற்றதெல்லாம் மண்டையில் ஏறியது. கேப் எடுத்த பல்லின் மேல் வைத்த வெள்ளைப் பேஸ்ட்டில் கிராம்பு எண்ணெய். ஆறாத குழியில் திணித்த மருந்தில் கிராம்பு எண்ணெய். நான் வாங்கச் சொன்ன பற்பசையிலும் கிராம்பு. என் கிளினிக்கே அந்த வாசனைதான். முப்பது வருஷம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் என் மூக்குக்கு அது தெரியாமலே போய்விட்டது. உடனே பச்சையம்மாவுக்குப் போன் செய்தேன். தைலத்தை எப்படி உபயோகிக்கிறீர்கள்?

"காத்தால செட்டு மேல தடவி மாட்டிக்குவேன். படுக்கசொல்லோ பஞ்சுல நனைச்சி அண்ணத்துல ஒட்டிக்குவேன். தூக்கத்துல உழுந்துட்டா எடுத்து வெச்சிக்குவேன். தீந்துட்டா நீ குடுக்கற வரைக்கும் சும்மா கெடப்பேன். இன்னா கேக்கற? நீதான குடுத்த, நல்லதுதான?"

பிடுங்கும் தேதியைத் தள்ளிவைத்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் அனுப்பினேன். செட்டிலிருந்து சுரண்டிய தூள், நிக்கல், கிராம்பு எண்ணெய் எல்லாவற்றையும் முதுகில் சின்னச் சின்னதாக ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்த்தார்கள். அக்ரிலிக்குக்கு ஒன்றும் இல்லை. நிக்கலுக்கு லேசாக. கிராம்புக்குக் கொப்புளமே வந்திருந்தது. தைலம், பேஸ்ட், பற்பசை எல்லாவற்றையும் நிறுத்தினோம். கரம்மசாலாவும் வேண்டாம் என்றேன். அம்மையாருக்குப் போன் போட்டுப் பரிசு வாங்கினவளைப் போலப் பேசினேன். அவர் "ரெண்டு வாரம் கழிச்சுப் பேசு" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நீங்கள் எல்லாரும் கைதட்டுவீர்கள். மாநாட்டில் படம் போட்டுக் காட்டுகிறீர்களே, அதெல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கும்.

இரண்டு வாரத்தில் அண்ணம் குழந்தை வாய் போல ஆகிவிட்டது. கன்னத் தோல் ஆறியது. குழி மூடியது. சிவப்பு திரும்பி வரவே இல்லை. நான் விளக்கைத் திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்தேன். தேடினாலும் ஒரு புள்ளி கிடைக்காது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தோலு உரியறது நின்னுச்சி. எரியறது நிக்கல. காத்தால எழுந்தா ஒண்ணும் தெரியல. மூணு மணிக்கு மேல புடிச்சிக்கினு ஏறுது. படுக்கற வரைக்கும் பேஜாரு."

அக்ரிலிக் இல்லை, கேப் இல்லை, கிராம்பும் இப்போது இல்லை. அப்புறம் எது? ரத்தம் பார்த்தோம். இரும்புச்சத்தும் ஒரு வைட்டமினும் குறைவு, சர்க்கரை ஓரத்தில் நின்றது. மாத்திரை கொடுத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் பேசி, அவர் போட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினோம், சில மாத்திரைக்கு வாய் எரியும் என்பதால். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு குறையவில்லை என்றார். பிறகு குறைந்திருக்கலாம் என்றார். அவருக்கும் குழப்பம்.

மறுபடி அம்மையாரைக் கூப்பிட்டேன். சாப்பிடும்போது எரிவதில்லை என்பதை அப்போதுதான் சொன்னேன். அதுவரை அதைச் சொல்லவே இல்லை. ஏன் என்றால் அதைப் பொய் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"அத எதுக்கு மறைச்ச? வாய் எரியற நோய்னே ஒண்ணு இருக்கு, அதுக்கு இதான் அடையாளம். காலையில இருக்காது, சாயங்காலம் ஏறும், சாப்பிடும்போது அடங்கும். மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். வாயப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அந்தம்மா புஸ்தகத்துல இருக்கறத அப்படியே சொல்லியிருக்கா, நீ கேள்விக்குறி போட்டிருக்க."

"ஏன் மேடம் வருது?"

"நரம்புல ஏதோ. சரியா யாருக்கும் தெரியாது."

"சரியாகிடுமா?"

"சிலருக்குத் தானா போகும். சிலருக்குப் போகாது."

நரம்புக்கான மாத்திரை ஒன்றைச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். பச்சையம்மா ஒரு மாதம் போட்டார். பாதி குறைந்தது. ஆனால் வீட்டு நிலத்து வரப்பில் நின்றபடியே தூங்கி விழுகிறேன் என்று நிறுத்திவிட்டார்.

சரி, முதலில் வந்தது எது? நரம்பு எரிச்சல் முன்பே இருந்து அதன்மேல் கிராம்பு அலர்ஜி ஏறி உட்கார்ந்ததா, அல்லது அந்தச் சிவப்புதான் நரம்பைக் கிளப்பிவிட்டதா? செட் கொடுத்த அன்றே தைலமும் கொடுத்திருக்கிறேன், அதனால் பிரித்துப் பார்க்கவே வழி இல்லை. செட் போடுவதற்கு முன்பே லேசாக எரிந்ததா என்று கேட்டால் ஒருநாள் ஆமாம் என்பார், ஒருநாள் இல்லை என்பார். எனக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது எனக்கு விளக்கம் எழுதி அனுப்புவீர்கள். அனுப்பாதீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பச்சையம்மாவும் ஏழுமலையும் வந்தார்கள். பச்சையம்மா நேராக வந்து நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஊசி போடும்போது இடிக்கும் என்று நான் முன்பு ஒருமுறை சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"இன்னிக்கி முடிச்சிடு டாக்டரம்மா. இன்னும் எத்தினி தடவ நாளு தள்ளுவ?"

பல்லால் எரியவில்லை, பிடுங்கினாலும் எரியும் என்றேன். தெரியும் என்றார். எனக்குப் புரியவில்லை. தெரிந்தால் எதற்குப் பிடுங்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டித்தான் கேட்டேன்.

"பல்லப் புடுங்குனா ரத்தம் வரும். மூஞ்சி வீங்கும். வாய்ல ஒண்ணும் இல்லன்னு நீ சொன்ன பாரு, அன்னிலேந்து இந்த ஆளு என்ன நடிக்கறன்னு சொல்றான். வூட்லயும் சொல்றான், கழனிலயும் சொல்றான். வாயி பொக்கையாப் போச்சின்னா அப்பவாச்சும் நம்புவாங்கல்ல."

ஏழுமலை கதவருகில் நின்றிருந்தார். என் கையில் ஊசி மருந்து ஏற்றின சிரிஞ்சு இருந்தது. ஆமாம், ஏற்றி வைத்திருந்தேன். அன்றைக்கும் நான் முடிவு செய்திருக்கவில்லை. அவர் ரொம்பக் கேட்டால் நாலு பல் எடுத்துவிடலாம் என்று மனதில் ஒரு மூலையில் இருந்தது. சிரிஞ்சைத் தட்டில் வைத்தேன்.

"பச்சையம்மா, உங்க வாய் எரியுது. அது நிஜம். ஏன் எரியுதுன்னு எனக்குத் தெரியல. ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னது தப்பு. என் கண்ணுக்குத் தெரியலன்னுதான் சொல்லியிருக்கணும்."

அவர் என்னையே பார்த்தார். "எரியுதுன்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"அப்போ அத எழுதிக் குடு. சீல் போட்டுக் குடு."

என் கிளினிக் பெயர் அச்சடித்த தாளை எடுத்து எழுதினேன். நாலு வரி. பச்சையம்மாவின் வாய் எரிவது உண்மை. காரணம் எனக்குத் தெரியவில்லை. இவருடைய பற்களில் கோளாறு எதுவும் இல்லை, யாரும் பிடுங்க வேண்டாம். கிராம்பு சேர்ந்த எந்த மருந்தும் இவர் வாயில் வைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டு சீல் குத்தினேன். முப்பது வருஷத்தில் என் சீலுக்கு மேல் "தெரியவில்லை" என்று எழுதியது அது ஒன்றுதான். அவருக்குப் படிக்க வராது. தாளை வாங்கி ஏழுமலையிடம் நீட்டினார்.

ஏழுமலை படித்துப் பார்த்துவிட்டு, "காரணம் தெரியலன்னு போட்டுக்கீது" என்றார், என்னை ஒரு மாதிரி பார்த்தபடி.

"அது கெடக்கட்டும். மொத வரி இன்னா போட்டுக்கீது, அதப் படி."

"பச்சையம்மாவின் வாய் எரிவது உண்மை."

"இன்னொரு வாட்டி படி. வெளிய கீறவங்களுக்குக் கேக்கற மாரி."

கதவு திறந்திருந்தது. பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஏழுமலை இன்னொரு முறை படித்தார். பச்சையம்மா நாற்காலியை விட்டு இறங்கி, முந்தானையை அவிழ்த்து மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எரிச்சல் அப்படியேதான் இருந்தது. அடுத்த நடவுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்று செல்வி வந்து சொன்னார்.

இதை எழுதக் காரணம் போன மாதம் நடந்தது. பச்சையம்மா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நான்தான் கடையைச் சாத்திவிட்டேனே, எங்கே போவது என்று உங்களில் ஒருவரிடம் போயிருக்கிறார். நான் எழுதிய தாளை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறார், அதைக் காட்டியிருக்கிறார். அந்த டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "தெரியலன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டாராம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிலையான பல் வைத்தால் எரிச்சல் போய்விடும் என்று சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார். போகலாமா என்று என்னைக் கேட்க வந்திருந்தார். சொல்லப்போனால் பாதி போகிற மனசோடுதான் வந்திருந்தார். நிச்சயமாகச் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு மணி நேரம் பேசினேன். போகமாட்டேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். உங்களுக்குச் சொல்வது இதுதான். நீங்கள் கொடுத்த தேதிக்கு அவர் வந்தாலும் வருவார். நாற்காலியில் சாய்ந்து மூக்குத்தியைக் கழற்றுவார். ஊசி ஏற்றுவதற்கு முன்னால் அவர் பையில் இருக்கிற தாளை வாங்கி முழுதாகப் படியுங்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி எண்ணுங்கள். பதினாறு இருக்கும். அவர் எழுந்து போகும்போதும் பதினாறு இருக்க வேண்டும்.